சீக்கிரம் அடித்த தேநீர் மணி

மேஜர் லிட்கேட்டுக்கு "முடியாது" என்று சொல்ல வராது. பட்டாளத்தில் அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

பெரிய போர் முடிந்து, பிப்ரவரி மாதம் அவர் எங்கள் ஊரான விட்கோட்டுக்குத் திரும்பி வந்தார். வசந்தம் வந்து மைதானத்தில் ஈரம் காய்ந்ததோ இல்லையோ, ஆள் மாற்றி ஆள் அவர் வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"மேஜர் ஐயா, சனிக்கிழமை கிரிக்கெட்டுக்கு ஒரு ஆள் குறையுது."

"மேஜர், புதன்கிழமை ரெஜிமென்ட் ஆட்டம். நீங்க இல்லாம எப்படி?"

ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார். "தயார்." உடனே மட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடப்பார்.

காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறவர் இல்லை அவர். ஆட்டத்தின் மேல் உள்ள ஆசைக்காகவே ஆடுகிறவர். ஆசையோடு செய்கிற வேலையில் களைப்பே வராது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் சில சமயம் இப்படித்தான்.

அவருடைய மகள் ஹெஸ்டருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவளுக்குப் பத்து வயது. அப்பா சரியாகத் தூங்குவதே இல்லை என்பதை, அவர் அறைக்குள் நடக்கும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருந்தாள். காலையில் முட்டையை உடைப்பதற்குக் கரண்டியை ஓங்குவார். ஓங்கிய கை அப்படியே நிற்கும்.

"அப்பா, முட்டை ஆறிடும்."

"ம்? ஆமா ஆமா. முட்டை!"

ஒரு நாள் தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு முழுவதையும் குடித்துவிட்டார். "நல்லாருக்கு" என்றும் சொன்னார். ஹெஸ்டருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பெல்கோம் ஊரோடு நாங்கள் மோதும் ஆட்டம் ஜூன் மாதத்தில் வந்தது. போருக்கு முன்னால் ஆண்டுதோறும் நடந்த ஆட்டம் அது. இடையில் நின்றுபோய், இப்போதுதான் மறுபடி நடக்கிறது. இரண்டு ஊர் அணியிலும் பழைய முகங்கள் பல இல்லை. அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோரும் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் வேறொரு ஊரில் நாள் முழுக்க ஆடிவிட்டு, மேஜர் மதிய ரயிலில்தான் வந்து இறங்கினார். அதனால் எங்கள் அணித் தலைவரான பாதிரியார் க்ரோலி அவரைக் கடைசி ஆட்டக்காரராக வைத்தார்.

"நம்ம மேஜர் இருக்கார்ல, அப்புறம் என்ன கவலை?" என்று கையைத் தேய்த்துக்கொண்டார் பாதிரியார்.

"தயார்" என்றார் மேஜர். காலில் காப்புப் பட்டை கட்டிக்கொண்டு, மட்டையோடு பெவிலியனுக்குப் பின்னால் போனார். அங்கே பெரிய மரத்து நிழலில் ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தார். அடுத்த நிமிடம் குறட்டை விட்டார்.

ஹெஸ்டர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றிச் சுருக்கம் மறைந்து, வாய் லேசாகத் திறந்து, அவர் உண்மையாகவே தூங்கினார். அப்பா இப்படித் தூங்கி அவள் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அவளுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

மைதானத்தில் திடீரென்று பெரிய கூச்சல். பெல்கோம் அணித் தலைவர் பெர்ட் நட்லி எங்கள் ஒன்பதாவது விக்கெட்டையும் எடுத்துவிட்டார். பெர்ட் வண்டியில் நிலக்கரி கொண்டுபோய் வீடு வீடாகப் போடுகிறவர். மூட்டையை எறிகிற வேகத்தில்தான் பந்தையும் எறிவார். போருக்கு முன்னால் ஒரு தடவை எங்கள் தபால்காரரின் முன்பல்லைக் கழற்றியவர் அவர்தான்.

எங்களுக்கு இன்னும் பன்னிரண்டு ஓட்டம் வேண்டும். இருப்பது ஒரே ஒரு விக்கெட்.

"ஹெஸ்டர்!" பாதிரியாரின் குரல் பெவிலியனைத் தாண்டி வந்தது. "அப்பாவை வரச் சொல்லும்மா! சீக்கிரம்!"

அடுத்த ஆட்டக்காரர் இரண்டு நிமிடத்துக்குள் களத்துக்கு வராவிட்டால் அவுட். விதி அப்படி.

ஹெஸ்டர் அப்பாவின் தோளைத் தொடக் கையை நீட்டினாள். நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எழுப்பினால், அரைத் தூக்கத்தில் போய் பெர்ட் நட்லியின் பந்துக்கு முன்னால் நிற்பார். எழுப்பாவிட்டால், தூங்கிப்போய் ஆட்டத்தைத் தோற்ற மேஜர் என்று ஊரே பேசும். அப்பாவால் அதைத் தாங்க முடியாது.

அவள் மைதானத்து ஓரத்தில் இருந்த கூடாரத்தைப் பார்த்தாள். ஓடினாள்.

தேநீர்க் கூடாரம் திருமதி டஃபினின் ராஜ்ஜியம். அவர் கேக்கின் பக்கத்தில் ஓர் ஈ பறந்தாலும் துண்டை எடுத்துக்கொண்டு துரத்துவார்.

"டஃபின் அத்தை! மணி அடிங்க!"

"என்ன மணி? டீ நேரம் இன்னும் ஆகலையே. வெந்நீரே கொதிக்கல."

"இப்பவே அடிங்க அத்தை. அப்பா தூங்கறார்."

"ஆட்டம் நடக்கும்போது தூங்கறாரா? நல்ல கூத்து!"

"ராத்திரியில அவர் தூங்கறதே இல்ல அத்தை. இன்னிக்குத்தான் தூங்கறார்."

திருமதி டஃபின் துண்டைக் கீழே வைத்தார். அவருடைய மகனும் போரிலிருந்து திரும்பி வந்தவன்தான். பித்தளை மணியை எடுத்துக்கொண்டு வெளியே போய், தீப்பிடித்த வீட்டுக்கு ஆள் கூப்பிடுவதுபோல அடித்தார்.

எங்கள் ஊர் ஆட்டத்தில் அம்பயரோடு வாதாடலாம். பாதிரியாரோடும் வாதாடலாம். தேநீர் மணியோடு வாதாட முடியாது. மணிச் சத்தம் கேட்டதும் பெல்கோம்காரர்கள் தாமாகவே கூடாரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். வாயில் எச்சில் ஊறினால் கால் நிற்குமா?

அம்பயர்தான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "என்ன அம்மா இது, இன்னும் நேரம் இருக்கே?"

"கேக் வெட்டியாச்சு" என்றார் திருமதி டஃபின். "வெட்டின கேக் உங்க கடிகாரத்துக்காகக் காஞ்சு போகணுமா?"

சொல்லிவிட்டு அவசர அவசரமாகக் கேக்கை வெட்டினார்.

தேநீர் வெதுவெதுப்பாக இருந்தது. இலையின் நிறம்கூட இறங்கவில்லை. ஆனாலும் யாருக்கும் அதைச் சொல்லத் தைரியம் இல்லை.

ஹெஸ்டர் ஓடிப்போய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. பெர்ட் நட்லி! கையில் கோப்பையோடு மேஜரைத் தேடிக்கொண்டு வந்தார்.

"எங்கே உங்க அப்பா? ஒரு வணக்கம் சொல்லலாம்னு..."

ஹெஸ்டர் உதட்டில் விரலை வைத்தாள்.

அந்தப் பெரிய மனிதர் நாற்காலியில் தூங்குகிறவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"நல்ல தூக்கமா?" என்று கிசுகிசுத்தார்.

"ரொம்ப நல்ல தூக்கம்."

"சரி, நான் போய் இன்னொரு கப் கேக்கறேன். அந்த டீ வாயில வைக்க முடியல. பரவாயில்ல."

நுனிக்காலில் நடந்து திரும்பிப் போனார். அவ்வளவு கனமான உடம்பு அத்தனை மெதுவாக நடந்து ஹெஸ்டர் பார்த்ததே இல்லை. அதன்பின் கூடாரத்தில் தேநீர் முடியவே இல்லை. பெர்ட் மூன்றாவது கப் கேட்டார். நான்காவதும் கேட்டார். பெல்கோம்காரர்கள் எல்லோரும் தலைவரைப் போலவே இன்னொரு கப் கேட்டார்கள்.

மரத்து நிழல் நகர்ந்து, மேஜரின் முகத்தில் வெயில் விழுந்தது. அவர் திடுக்கிட்டு எழுந்து மட்டையை இறுகப் பிடித்தார்.

"எந்தப் பக்கம்? எத்தனை பேர்?"

"அப்பா, நான்தான். ஹெஸ்டர்."

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். மெல்ல மூச்சு விட்டார். "விக்கெட் விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சு. நீங்க தூங்கினீங்க. நான்தான் டீ மணி அடிக்கச் சொன்னேன். எல்லாரும் இன்னும் டீ குடிக்கறாங்க."

மேஜரின் முகம் சிவந்தது. எழுந்து தொப்பியைச் சரிசெய்தார்.

"தயார்" என்றார்.

"இல்லப்பா. களைப்பா இருக்கா உங்களுக்கு?"

அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. பட்டாளத்தில் அவருக்கு மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. ஆட்டத்துக்குக் கூப்பிட வந்தவர்களும் கேட்கவில்லை. வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். வேறு பதில் வந்துவிட்டது.

"ஆமா ஹெஸ்டர். ரொம்பக் களைப்பா இருக்கு."

சொல்லிவிட்டு, பெரிய தப்பு செய்துவிட்டவர்போலக் கூடாரத்தைப் பார்த்தார். "ஆனா, பாதிரியார்கிட்ட யாரு சொல்றது?"

துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் நூற்றுக்கணக்கான ஆட்களை நடத்திப்போன மனிதர் அவர். எங்கள் பாதிரியாருக்குப் பயந்தார்.

"நான் கூட வரேன்பா" என்று ஹெஸ்டர் அவர் கையைப் பிடித்தாள்.

இருவரும் கூடாரத்துக்குள் போனார்கள். பாதிரியார் ஆவலோடு எழுந்தார். "வாங்க மேஜர்! பன்னிரண்டே ஓட்டம்தான்!"

மேஜர் தொண்டையைச் செருமினார். "என்னால முடியாது பாதிரியார் ஐயா. களைப்பா இருக்கு. மன்னிச்சுக்கோங்க."

பாதிரியாரின் வாய் திறந்தபடி நின்றது. கெட்டிலில் இப்போதுதான் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

பெர்ட் நட்லிதான் முதலில் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்பாடா! எனக்கு மே மாசத்திலேர்ந்தே தோள்பட்டை விட்டுப்போகுது. சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

"எனக்கு முதுகு" என்றார் எங்கள் விக்கெட் கீப்பர்.

"எனக்குக் கால்" என்றார் அம்பயர். "காலையிலேர்ந்து நிக்கறேன், ஒருத்தர் கேட்டீங்களா?"

எல்லோரும் பாதிரியாரைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்.

"இந்த வருஷம் எத்தனை வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போயிட்டேன்" என்றார். "எனக்கும்தான் களைப்பா இருக்கு."

அதற்கப்புறம் மைதானத்துக்கு எல்லோரும் போனார்கள், ஆனால் ஆட அல்ல. ஒருவர் புல்லில் கால் நீட்டினார். இன்னொருவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு அணியும் அம்பயர்களும் வெயிலில் வரிசை வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெர்ட் நட்லியின் குறட்டை பெல்கோம் வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்திலேயே மேஜர், காலில் கட்டிய பட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கினார்.

குளத்திலிருந்து வாத்துகள் கத்திக்கொண்டே மைதானத்துக்குள் வந்தன. திருமதி டஃபின் துண்டை எடுத்துக்கொண்டு ஒரு பக்கமாகவும், ஹெஸ்டர் மறுபக்கமாகவும் சத்தம் போடாமல் அவற்றைத் துரத்தினார்கள். பிறகு இருவரும் மிச்சமிருந்த கேக்கைச் சாப்பிட்டார்கள். நல்ல சூடான தேநீரும் குடித்தார்கள்.

அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று வெளியூர்க்காரர்கள் இப்போதும் கேட்பார்கள். அது இன்னும் முடியவில்லை, தேநீர் இடைவேளையில் இருக்கிறது என்றுதான் இரண்டு ஊர்க்காரர்களும் சொல்கிறோம்.