கருகிய தப்பு மேளம்

காலை 9.20. நானுஓயா வீதியில் பழைய தேயிலை ஆலையொன்றை மலையக இசைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். அதன் முற்றத்தில், நூறு வருடப் பழசென்று பெயர்பெற்ற தப்பு மேளம் கருகிக் கிடந்தது. நடுவே கை நுழையும் அளவுக்கு ஓட்டை. பஸ்ஸில் சுற்றுலா வந்த, தமிழரும் சிங்களவருமான நாற்பது பேர் பார்த்திருக்க, முகாமையாளர் கிஷாந்த், தப்பு அடிக்கும் அழகுமுத்துவை வாய்க்கு வந்தபடி ஏசி, வேலையும் இல்லையென்று சொல்லிவிட்டார்.

9.50. டிக்கெட் கொடுக்கும் வினோஜன் போன் போட்டதில் சப்-இன்ஸ்பெக்டர் தனுஜா வந்து சேர்ந்தார். கருகிய மேளத்தை அலுவலக மேசையில் வைத்து, கிஷாந்த், அழகுமுத்து, வினோஜன் மூவரையும் அங்கே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். மேளம் இருந்த கண்ணாடி அலுமாரிக்கு மூன்று சாவிகள், ஆளுக்கொன்று.

"சொல்லுங்க அண்ணே."

"மழையால ரெண்டு வாரமா ஆட்டம் இல்லீங்க மேடம்," என்றார் அழகுமுத்து. "இன்னிக்குத்தான் எடுத்தேன். கொஞ்சம் லேசாத்தான் இருந்துச்சு. பஸ்ஸு வந்து நிக்குதேன்னு யோசிக்கல. எப்பவும் போலக் காய்ச்சினேன். பொசுக்குனு போயிருச்சு."

"நெருப்பு போட்டது?"

"நான்தான் மேடம்," என்றான் வினோஜன். "மூணு வருசமா போடுறேன். இந்தக் குளிருக்குத் தோல் தொய்ஞ்சிரும். சூடு காட்டாம சத்தம் வராது."

கிஷாந்த் குறுக்கிட்டார். "நான் கொழும்புல இருந்து வந்து பத்து நாள்தான் ஆகுது. தோலைப் போய் யாராவது நெருப்புல காட்டுவாங்களா? தெரிஞ்சிருந்தா விட்டிருக்கவே மாட்டேன்."

உண்மையைத்தான் சொன்னார், பாவம்.

தனுஜா ஓட்டையின் விளிம்பைத் தடவினார். முகர்ந்தார்.

"தோல் கருகினா முடி கருகின நாத்தம் வரும். இது உருகி, மணி மணியா உறைஞ்சிருக்கு. பிளாஸ்டிக். யாரோ மேளத்தையே மாத்தி வச்சிருக்காங்க."

தனுஜா கிஷாந்தின் பக்கம் திரும்பினார்.

"இவங்க ரெண்டு பேரும் மாத்தியிருந்தா, தோல் போட்டதைத்தான் வச்சிருப்பாங்க. பிளாஸ்டிக் நெருப்புல நிக்காதுன்னு தெரியும். காய்ச்சுற வழக்கமே தெரியாதவருதான் இதை வச்சிட்டு நிம்மதியா இருந்திருப்பாரு. நீங்க வந்த பிறகு ஒரு ஆட்டமும் நடக்கல, கிஷாந்த். கார்ச் சாவியைக் குடுங்க."

10.25. கார் டிக்கியில், கம்பளிக்குள் உண்மையான தப்பு இருந்தது. யாரோ வெளிநாட்டுக்காரருக்கு விற்பதாக வாக்குக் கொடுத்திருந்தாராம் கிஷாந்த்.

தனுஜா அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினார். "நீங்க போகலாம் அண்ணே. வேலையும் உங்களுதுதான். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

அழகுமுத்து எழுந்திருக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்றீங்க மேடம். அவரு முற்றத்துல வச்சில்ல ஏசினாரு. அந்த பஸ்ஸு இன்னும் போகல."

தனுஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழகுமுத்துவைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். நாற்பது பேர் முன்னால் நடந்ததையெல்லாம் தமிழில் சொன்னார். பிறகு, ஒருவரும் விடுபடாதபடி, சிங்களத்திலும் சொன்னார்.