இரட்டைத் தட்டு

லிவா பக்கத்து மணல்மேடுகளுக்கு நடுவே, போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம், பின்னாலிருந்து யாரோ இரண்டு முறை தட்டினார்கள். செல்வசிங்கும் அதைக் கேட்டுக் கேரவனை அழகாக ரிவர்ஸ் எடுத்து நிறுத்திவிட்டான். இஞ்சினை அணைத்து, சோம்பல் முறித்து, "போதுமாண்ணே?" என்று பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்ட பிறகுதான், தன்னோடு யாருமே வரவில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தான். வெயில் விலகிய மணல் ஆறிக்கொண்டிருந்தது. கேரவனை இழுத்து வந்த பிக்கப்பின் அடிவயிற்று இரும்பு சூடு தணிந்து டிக் டிக்கென்று சுருங்கிற்று; எங்கிருந்தோ ஒட்டக வாடையும், யாரோ அணைத்துவிட்டுப் போன கரியின் வாடையும் வந்தன. சுற்றிலும் மணலில் அவனுடைய சக்கரத் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. கேரவனின் இடது பக்கச் சுவரில் படிந்திருந்த தூசியில் மட்டும், தோள் உயரத்தில், விரல் விரிந்த ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. பெட்ரோல் பங்கில் எவனாவது சாய்ந்து நின்றிருப்பான் என்று சொல்லிக்கொண்டே அதைத் துண்டால் துடைத்தான்.

தட்டு என்றால் அவனுக்கு வேத வாக்கு. ஊரில் இருந்தபோது மீன் லாரி ஓட்டியவன். குளச்சலில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது வாய் விட்டுக் கத்தினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. ஒருத்தன் வா என்பான், ஒருத்தன் நில் என்பான், அது லாரிக்கா நெத்திலிக்கா என்று யாருக்கும் தெரியாது. அதனால் அங்கே டிரைவர்கள் எந்த வாய்க்கும் வண்டியை எடுக்க மாட்டார்கள். பின்னால் நிற்கிறவன் வண்டிச் சுவரில் இரண்டு தட்டினால் வண்டி நகரலாம், ஒன்று தட்டினால் நிற்க வேண்டும். அவ்வளவுதான். மூளையைக் கேட்காமலே கால் கேட்கும். வளைகுடாவுக்கு, முஸஃபாவில் கேரவன் பட்டறை வேலைக்கு வந்து இத்தனை வருடமான பிறகும் அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகவில்லை.

இந்தப் பயணம் அவனும் ஜோஸ்மியும் சேர்ந்து போட்ட திட்டம். ஜோஸ்மி அல் ஐனில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து அவள் நர்ஸ் குவார்ட்டர்ஸில், அவன் கேம்ப் ரூமில் ஆறு பேரோடு; லீவு நாளில் ஏதாவது ஒரு மாலில் காபி குடித்துவிட்டு ஆளுக்கொரு பஸ் ஏறுவார்கள். கொஞ்ச நாளில் இரண்டு பேரும் விசாவைக் கேன்சல் பண்ணிக்கொண்டு ஊருக்கே போகப் போகிறார்கள். போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது இந்த நாட்டில் ஒரே கூரையின் கீழ் இருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. முதலாளி மஹதி நல்ல மனுஷர். பழைய கேரவன் ஒன்றைக் காட்டி, "யல்லா, எடுத்துக்கிட்டுப் போ" என்றார். மேற்கே கடற்கரைப் பூங்கா, லிவா மணல், மான்கள் திரியும் காப்புக்காடு, கடைசியில் அல் ஐன் மலையடிவாரம் என்று ஜோஸ்மிதான் பாதை போட்டாள். அவளுடைய லீவு மட்டும் கடைசி வாரத்துக்குத்தான் கிடைத்தது.

"நீங்க முன்னால போயி எல்லாம் பாத்து வையுங்க. எங்க நல்லா இருக்கோ அங்க என்னயக் கூட்டிட்டுப் போனா போதும்," என்றாள்.

தனியாகப் போவது இத்தனை கஷ்டம் என்று அவன் நினைத்திருக்கவில்லை. கேம்பில் ஆறு பேரின் குறட்டைக்கு நடுவே தூங்கியவனுக்கு மணல்வெளியின் அமைதி காதை அடைத்தது. இரண்டு பேருக்கான கட்டிலில் ஓரமாகவே படுத்தான். காலையில் பேச ஆளில்லாமல் தேயிலைக்கும் சர்க்கரைக்கும் பேர் வைத்துப் பேசினான்.

அதனால்தான், காப்புக்காட்டில் வண்டியை நிறுத்தும்போது மறுபடியும் அந்த இரட்டைத் தட்டு கேட்டதும், பயத்துக்கு அடியில் அவனுக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்தினான். வண்டி பின்னால் நகர்ந்தது. டப் டப். இன்னும் கொஞ்சம். டப் டப். பிறகு பலமாக ஒன்று, டப். நின்றான். இறங்கிப் பார்த்தால், கேரவன் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் தரை அறுந்து பள்ளமாகக் கிடந்தது; மேலே முள்செடி மூடியிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் கேரவன் பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு தலைகுப்புறக் கவிழ்ந்திருக்கும். தூசியில் உள்ளங்கை. அதே உயரம்.

அன்று அவன் அதைத் துடைக்கவில்லை. டீ போட்டபோது ஒரு கிளாஸ் கூடுதலாக ஊற்றிக் கேரவன் படியில் வைத்தான். தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

போனில் ஜோஸ்மியிடம் பள்ளத்தில் விழப் பார்த்ததைச் சொல்லிவிட்டு, பாதி விளையாட்டாகச் சேர்த்துக்கொண்டான்: "பின்னால தட்ட ஒரு ஆளு கிடச்சிருக்கு பிள்ளே. சம்பளம் கிடையாது, டீ மட்டும் போதும்."

"தனியாக் கிடந்து வட்டு பிடிச்சிட்டா உங்களுக்கு?" என்று சிரித்தவள், சட்டென்று குரலைத் தாழ்த்தி, "செபமால கையில வச்சிருக்கியளா?" என்றாள்.

"இருக்கு இருக்கு. நீ லீவ மாத்தாண்டாம், கேட்டியா."

காலையில் பார்த்தபோது படியில் வைத்த கிளாஸ் காலியாக இருந்தது. வெயிலில் வற்றியிருக்கலாம் என்று நினைத்தான். வெயிலே இன்னும் வரவில்லை.

அதற்கடுத்த நாள், எல்லைப் பக்கமாகப் போகும் ஆள் நடமாட்டமில்லாத சாலையில், வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது தட்டு கேட்டது. ஒன்று. ஓடும் வண்டியில், வெளிச்சுவரில். கால் தானாக பிரேக்கை மிதித்தது. ரப்பர் கருகிய நாற்றம், கேரவன் ஒரு உலுக்கு உலுக்கி நேரானது. இடமும் வலமும் மணல். ஒட்டகம் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே எதுவும் இல்லை. காற்று மட்டும் தார்ச்சாலையின் மேல் மணலைப் பாம்பு பாம்பாக ஓட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது வருமென்று காத்திருந்தான். அப்போதுதான் பிக்கப்பையும் கேரவனையும் இணைக்கும் கொக்கி முனகியது. பிக்கப்பின் வால் மெதுவாகத் தாழ்ந்தது; கேரவன் படியில் கனமான ஒருத்தர் கால் வைத்து ஏறினால் எப்படித் தாழுமோ அப்படி. உள்ளே பலகை கிறீச்சிட்டது. கட்டில் பக்கம் போய் நின்றது.

டப் டப்.

போகலாம் என்கிறது. போனான். பழக்கத்தில் போனான், பிறகு பயத்தில் போனான். வண்டி அதற்குப் பிறகு மேடு ஏறும்போதெல்லாம் திணறிற்று.

அன்று முதல் அவன் கேரவனுக்குள் தூங்கவில்லை. பிக்கப்பின் சீட்டில் காலை மடக்கிக்கொண்டு படுத்தான். விடியலில் கேரவன் சன்னலில் பனி கோத்திருந்தது. அதில் உள்ளங்கை இருந்தது. வெளியிலிருந்து துடைத்தான். போகவில்லை. உள்பக்கம்.

கேரவனைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று நினைத்தான். கொக்கியில் கை வைத்தான். மஹதிக்கு என்ன பதில் சொல்வது என்பதல்ல பெரிய விஷயம்; ஜோஸ்மி புதுப் போர்வையும் இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளும் திரைச்சீலையும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சொன்னால் வர மாட்டாள். அவள் வராமல் போவதைத்தான் அவனால் தாங்க முடியாது. கையை எடுத்தான். அவள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான். பாவம், தனிமை அவனை அப்படி நம்ப வைத்தது.

அல் ஐனில் காலை மூடுபனி. மலை இருக்கும் திசையே தெரியவில்லை. நைட் டியூட்டி முடித்த ஜோஸ்மி டாக்சியில் வந்து பூங்கா வாசலில் இறங்கினாள். யூனிஃபார்முக்கு மேல் ஸ்வெட்டர், காலில் வெள்ளைச் செருப்பு, கையில் பெரிய பை. டெட்டால் வாசனையோடு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மெலிஞ்சு போனியளே," என்றாள்.

காவலாளி காட்டிய கடைசி இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் எதுவும் தெரியவில்லை. அவள் கதவைத் திறந்தாள்.

"நான் தட்டுதேன்."

"வேண்டாம் பிள்ளே. உள்ள இரி. நானே..."

"அண்ணைக்குப் பள்ளத்துல விடப் பாத்தாப்புல விடுவிய. இருங்க." சிரித்துக்கொண்டே பனிக்குள் போனாள்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்தான்.

டப் டப். தகரத்தில் அவளுடைய கல்யாண மோதிரம் பட்டு, கூடவே மெல்லிய ஒரு 'கிளிங்'. லீவு நாளில் அவன் ஏறிய பஸ்ஸின் பக்கத்தில் விளையாட்டாக அவள் தட்டும்போதெல்லாம் கேட்கிற சத்தம். அவனுக்கு உயிர் வந்தது. ரிவர்ஸ் போட்டான். டப் டப், கிளிங். மெதுவாக. டப் டப், கிளிங். வண்டி நகர்ந்தது.

டப் டப்.

கிளிங் இல்லை.

கால் கேட்டுவிட்டது.

"நில்லுங்க!" எங்கோ பனிக்குள் அவள் குரல். "ஏங்க, நில்லுங்க!"

டப் டப். டப் டப். வேகமாக. பலமாக.

குரல் நில் என்றது. தட்டு வா என்றது. இத்தனை வருடக் கால். அது வாய்க்கு நின்று பழகியதில்லை.

கேரவனின் சக்கரம் எதன்மேலோ மெத்தென்று ஏறி இறங்கியது.

டப்.

ஒன்று. நில்.

நின்றான்.

"ஜோஸ்மி?"

பனி. பின்விளக்கின் சிவப்பு அதில் ஊறிக் கிடந்தது. பக்கவாட்டுக் கண்ணாடிக்குள், அந்தச் சிவப்பில், வெள்ளைச் செருப்பு ஒன்று. ஒற்றை.

"ஜோஸ்மி..."

கொக்கி முனகியது. பிக்கப்பின் வால் மெதுவாகத் தாழ்ந்தது. முன்பு போல் கனமாக அல்ல. லேசாக. அவள் எடைக்கு. உள்ளே பலகை கிறீச்சிட்டது; கட்டில் பக்கம் போய், ஏற்கெனவே நின்றிருந்ததன் பக்கத்தில் நின்றது.

பிறகு உள்ளிருந்து தட்டினார்கள். டப் டப். வெறும் உள்ளங்கை. அதோடு சேர்ந்து, அதே தாளத்தில், கிளிங்.

போகலாம்.

செல்வசிங்கின் கை கியரை முன்னால் போட்டது.