டானிக் தர மறுத்தவள்

மழைக்குத் தப்பி மருந்துக்கடைக்குள் ஓடி வந்தான் மரப்பட்டறைக்காரன். தலைமுடியில் மரத்தூள், அதன் மேல் மழைத்துளிகள். கடைக்காரப் பெண் ஒரு கணம் அதையே பார்த்துவிட்டாள்... பிறகு சுதாரித்துக்கொண்டாள்.

அவனுக்கு இரும்புச்சத்து டானிக் வேண்டுமாம். சில மாதமாக அடித்துப் போட்டாற்போல் அசதி. விரல் மூட்டுகளில் வலி. ரத்தத்தில் இரும்பு எவ்வளவு இருக்கிறதென்று பார்த்தீர்களா என்றாள். அசதிக்கு எதற்குப் பரிசோதனை என்றான்.

"பாக்காம தர மாட்டேன். கூடிப்போனா அதுவும் ஆபத்துதான்."

"இது கடையா, பள்ளிக்கூடமா?"

முறைத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போனான். அந்தக் கண்கள் மட்டும் போகவில்லை...

மறுபடி வந்தபோது முகத்தில் அசடு வழிந்தது. பரம்பரைக் கோளாறாம், இரும்பு ஏகத்துக்கும் சேர்ந்திருக்கிறதாம். அப்படியே விட்டால் ஈரல் கெட்டு, புற்றுநோய் வரைக்கும் போகலாமாம். நல்லவேளை, ஈரல் இன்னும் கெடவில்லை. ரத்தம் எடுத்து எடுத்தே குறைத்துவிடலாம் என்றாராம் டாக்டர். அவன் அப்பா ஈரல் புற்றுநோயில்தான் போனார். ஒரு சொட்டும் தொடாத மனுஷனைக் குடிகாரர் என்றே தெரு பேசியதாம்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அதன்பின் ரத்தம் எடுக்கும் நாளெல்லாம் வந்தான். "டீச்சரம்மா, இன்னிக்கும் ஒரு பை குடுத்தாச்சு" என்பான். "இளைச்ச மாதிரி தெரியலையே" என்பாள். அதற்கு அவன் சிரிக்கும் சிரிப்புக்காகவே வாசலைப் பார்க்கப் பழகினாள்...

திடீரென்று வருவது நின்றது. காய்ச்சல் மாத்திரை வாங்க வந்த அவன் தங்கைதான் போட்டு உடைத்தாள்.

"அண்ணனுக்கு உங்க நெனப்புதான். ஆனா 'என் ரத்தம் அவ பிள்ளைக்கு வேண்டாம்'னு ஒரே பிடிவாதம்."

மறுநாள் அவள் பட்டறைக்குப் போனாள். அவள் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. மரம் சீவிக்கொண்டிருந்த இழைப்புளியைப் போட்டுவிட்டு அவன் பதறி எழுந்தான்.

"என்னாச்சு?"

"நானும் டெஸ்டுக்குக் குடுத்துட்டு வரேன். அப்பா, அம்மா ரெண்டு பேர் ஜீன்லயும் இருந்தாத்தான் பிள்ளைக்கு அந்த நோய் வருமாம்."

"உங்களுக்கு..."

"இன்னும் தெரியாது. தெரியறதுக்கு முன்னாடி வரணும்னுதான் வந்தேன்."

அவன் குரல் இறங்கியது. "இருந்துச்சுன்னா?"

"இருந்தா நேரத்துலயே பாத்துப்போம். உங்கப்பாவுக்கு அப்படிப் பாக்க ஆள் இல்ல."

கையிலிருந்த தூளைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான்.

"அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடவா?"

"சொல்லுங்க. மொதல்ல என்கிட்ட சொல்லுங்க."

சொன்னான்... காதோரம் சிவக்கச் சிவக்க.