ஃபிரிட்ஜில் ஊரார் கீரை

எங்கள் வீட்டில் மூத்தவன் நான். நான் ஒன்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள், என் பத்து வயதுப் பேத்தியைத் தவிர.

பாலம் கட்டுவதற்காக எங்கள் காலி மனையை அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாகப் பெரும் தொகை வந்தது. எங்கள் பரம்பரையில் யாருமே பார்க்காத தொகை! அதை என்ன செய்வதென்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

"வீட்டு மேல ரெண்டு மாடி. வாசல்ல ரெண்டு கல் சிங்கம். போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பார்க்கணும்!"

"சிங்கம் சம்பாதிக்குமா தாத்தா?" என்றாள் பேத்தி.

"சிங்கம் எதுக்குடி சம்பாதிக்கணும்?"

"அப்புறம் அப்பா மறுபடியும் லாரிக்குப் போயிடுவாரே!"

என் மகன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் வீட்டில் இருப்பான். இப்போது விடுப்பில் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை கிளம்பியாக வேண்டும்.

அவன் மகளின் கன்னத்தைத் தட்டினான். "உட்கார்ந்து தின்னா எவ்வளவு பணமும் கரைஞ்சிடும் கண்ணு. மாசாமாசம் ஏதாவது வந்தாதான் நான் லாரிய விட முடியும்."

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஒரு கட்டுக் கீரை என் காலில் விழுந்தது. பின்னாலேயே நாலைந்து காரட் உருண்டன. தண்ணீர் பாட்டிலைக் காணோம்.

"யார் வீட்டுக் கீரை இது?"

"எதிர்ச் சந்தைக் கீரையம்மாவோடது தாத்தா. விக்காததெல்லாம் வாடிப்போய் தினம் குப்பையில கொட்டுறாங்க. பாவமா இருந்துச்சு. அதான் நேத்திலேருந்து உள்ள வெச்சுக் கொடுக்கிறேன்."

"காரட்?"

"அது பக்கத்துக் கடைக்காரரோடது. கீரையம்மா சொல்லிட்டாங்க போல."

"ஊரார் கீரைக்குக் காவல் காக்கவா நம்ம குடும்பம் இருக்கு?"

நான் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் மூன்று பேர் கூடைகளோடு வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் கீரையம்மா.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. பாப்பா வெச்சுக் கொடுத்த கீரை காலையில மொதல்ல வித்துப்போச்சு. நாங்க சும்மா கேக்கல. கூடைக்கு இவ்வளவுன்னு தினம் வாடகை தந்துடுறோம்."

"வாடகையா? எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கா?" என் மீசை துடித்தது.

பேத்தியோ கூடைகளைப் பார்த்தாள், ஃபிரிட்ஜைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா! ஒரு ரூம் அளவுக்கு ஃபிரிட்ஜ் இருந்தா?"

மருமகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "பின்னால ஷெட்டு சும்மாதானே கிடக்கு மாமா?"

மறுநாள் அப்பாவும் மகளும் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். யார் எத்தனை கூடை வைப்பார்கள், என்ன தருவார்கள் என்று கேட்டு வந்தார்கள். மருமகள் கணக்குப் போட்டாள். கரண்ட் செலவு போக, லாரிச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடவே மிஞ்சியது.

"பணத்துல பாதி போதும் மாமா. மீதிய பேங்க்ல போட்டுடலாம். அந்த வட்டியத் தொடாம விட்டா, சில வருஷத்துல இன்னொரு குளிர் அறையும் கட்டலாம்" என்றாள்.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன். "நம்ம கௌரவம் என்ன ஆகுறது?"

"தாத்தா, தினம் நம்ம வாசல்ல கூட்டம் நிக்கும். எல்லாரையும் நீங்கதான் வரிசையில நிறுத்தணும். அதட்டவும் செய்யலாம்" என்றாள் பேத்தி.

யோசித்துப் பார்த்தேன். கல் சிங்கத்தை எவ்வளவு அதட்டினாலும் அது பயப்படாது.

"வரிசை கலையக் கூடாது. சத்தம் ஆகாது. சம்மதம்னா கட்டுங்க!"

அன்றே என் மகன் லாரி முதலாளிக்குப் போன் செய்து, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை காலை அவனே மகளுக்குத் தலை பின்னினான். ஒரு பின்னல் உச்சந்தலையிலிருந்து கிளம்பியது. இன்னொன்று காதோரம் தொங்கியது.

பள்ளி வாசல் வரை நானும் கூடப் போனேன். அங்கே அவள் தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். "யாருடி உனக்குப் பின்னிவிட்டது?"

"எங்க அப்பா! இனிமே தினமும் அவர்தான்!"

சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தி, முதுகு வளையாமல் உள்ளே நடந்தாள். அது எங்கள் குடும்பத்து நடை.