அவருக்குத் தோதான அறை

சுவரில் எண்ணெய்க் கறை இருந்தது. முந்தாநாள்தான் பச்சைப் பெயின்ட் இரண்டாம் கோட் அடித்து முடித்த சுவர். கட்டில் வரப்போகிற பக்கத்தில், யாரோ எண்ணெய்த் தலையைச் சாய்த்துக்கொண்டு சாவகாசமாக நின்றுவிட்டுப் போனதுபோல வட்டமாக ஒரு மினுமினுப்பு. டேப்பக்காவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பெயின்டரைப் போனில் பிடித்தாள்.

"ஏன் தம்பி, வேலை செஞ்ச அலுப்புல சுவத்துலயே சாஞ்சு தூங்கிட்டீங்களா? எண்ணெய்க் கறை அப்பிக்கிட்டு நிக்குது."

"என்னக்கா நீங்க, என் தலையில எண்ணெய் வைக்க முடி எங்க இருக்கு?" என்றான் பெயின்டர். அது நியாயமான கேள்விதான். மனுஷன் தலை துடைத்து வைத்த பித்தளைச் சொம்பு.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, சுவரோரம் போய் நின்ற பிறகுதான் கவனித்தாள். கறை அவள் உச்சந்தலைக்கும் ஒரு சாண் மேலே இருந்தது. பெயின்டரோ அவளைவிடக் குட்டை. சரி, எவனாவது வந்து எட்டிப்பார்த்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எக்கி நின்று துடைத்தாள்.

அளவெடுக்கிற டேப்பை எந்நேரமும் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவதால் வந்த பேர் டேப்பக்கா. காலி அறையைக் காட்டினால் போதும். பெயின்ட், கட்டில், அலமாரி, திரைச்சீலை எல்லாம் போட்டு ஆள் குடியேறுகிற மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடுவாள். புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு பிடித்த தொழில் இது. அவன் இருந்தவரை விளக்கு எப்போது அணையணும், அவள் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கணும் என்பதெல்லாம் அவன் வைத்த சட்டம். ஊருக்கு அவன் தங்கமான மனுஷன். அவன் இருந்தவரை வாய் நிறைய 'அவர்' என்றுதான் சொன்னாள். போன பிறகு, மனசுக்குள்ளாவது அவன். இப்போது தன் வீட்டில் கையைக் காலை விரித்துப் போட்டுத் தூங்குகிறாள். நிம்மதியான தூக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நாற்பதைத் தாண்டித்தான் தெரிந்தது. கோடி கொடுத்தாலும் அதை இனி யாருக்கும் விட்டுத்தரமாட்டாள்.

இந்த வேலை போனில்தான் வந்தது. தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா, தனி வீடு. "மாடியில சின்ன ரூம் ஒண்ணு இருக்கும்மா. அவருக்குத் தோதா பண்ணணும். அவர்தான் உங்க நம்பரைக் கொடுத்தார். செலவுக்கும் கொடுத்துட்டுப் போயிருக்கார்."

எந்த அவர் என்று அவள் கேட்கவில்லை. கேட்பார்களா யாராவது? கல்யாணமான பொம்பளை வாயில் 'அவர்' என்று வந்தால் அது ஒருத்தர்தான். பேரைக் கேட்பதும் மரியாதை இல்லை.

அந்த அவர் ஒருநாளும் கண்ணில் படவில்லை. ஆனால் அவர் சொன்னதெல்லாம் தபாலாபீஸ் அம்மா வழியாகத் தினமும் வந்து சேர்ந்தது. வெள்ளை வேண்டாமாம், கரும்பச்சை அடிக்கணுமாம். கண்ணாடி மாட்டக்கூடாதாம். வாசலோரம் இருந்த சுவிட்சைப் பிடுங்கி, கட்டிலில் படுத்தபடி கை எட்டுகிற இடத்தில் வைக்கணுமாம். அதைக் கேட்டபோது அவளுக்குத் தன் புருஷன் வைத்த சட்டம் ஞாபகம் வந்தது. பிறகு, ஆம்பளைங்க எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்தானே என்று தேற்றிக்கொண்டாள்.

கட்டில் விஷயத்தில்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒற்றைக் கட்டில், அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்தப் பொந்து அறையில் ஒரு மேசையும் போடலாம். அவரோ கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு முழம் இடம் விடணும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"இடம் வீணாப் போகுதும்மா. சாரை ஒருதடவை நேர்ல பார்த்தேன்னா நானே சொல்லிப் புரியவச்சிடுவேன்."

"சாரா? இது நல்லாருக்கே," என்று தபாலாபீஸ் அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். "அவர் சொன்னா சொன்னதுதானேம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

வாடிக்கையாளர் சிரித்தால் நாமும் சிரித்துவைப்பது தொழில் தர்மம். அவளும் சிரித்தாள்.

கடைசி நாள் மத்தியானம் கட்டில் வந்தது. தச்சர் அதைப் பூட்டி, ஆட்டிப் பார்த்து, மெத்தையை மேலே போட்டுவிட்டு, வானம் கறுக்கிறதே என்று அவசரமாகக் கிளம்பினார். அவள் விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாகத் திரைச்சீலையை வளையத்தில் கோத்துக்கொண்டிருந்தாள். வெளியே காற்று ஓய்ந்துவிட்டிருந்தது. புதுப் பெயின்டின் காரமும், ரம்பம் பட்ட மரத்தின் பச்சை வாசமும், மெத்தையைச் சுற்றியிருந்த பாலிதீன் உறையின் வாடையும் சின்ன அறைக்குள் தேங்கிக் கிடக்க, அவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து, யாரோ பக்கத்தில் வாயைத் திறந்து மூச்சு விட்டதுபோலக் கிராம்பு வாசனை ஒன்று மெல்லக் கிளம்பி அவள் பிடரிப் பக்கம் வந்து நின்றது. அவள் புருஷன் கிராம்பு மெல்லுவான். ஊரில் பாதிப்பேர் மெல்லுகிறார்கள், பல்வலிக்கு. அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வளையத்தைக் கோத்தாள். வளையம் நழுவி, கட்டிலுக்கடியில் உருண்டு போய் நின்றது. அதை எடுக்கக் குனியப் பயமாக இருந்தது. பட்டப்பகலில், இத்தனை வயசுக்கு மேல், பயம். வெட்கமாகவும் இருந்தது.

தபாலாபீஸ் அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். கக்கத்தில் ஒரு பாய்.

"ரூம் ஜம்முனு ஆயிடுச்சும்மா."

"ஆச்சும்மா. இன்னைக்கே சார் படுத்துக்கலாம். திரையை மாட்டிட்டு நான் கெளம்பறேன்."

"கெளம்பறீங்களா? எங்க?"

"வீட்டுக்குத்தான்."

"அப்ப இந்தப் பாய்?" அந்த அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பாயை உதறி விரித்தாள். இரண்டு முழ இடத்தில் அது கச்சிதமாகப் பொருந்தியது. "உங்களுக்குக் கட்டில் ஒத்துக்காதாமே. கீழ படுத்தாத்தான் தூக்கம் வரும்னு அவர் சொன்னாரே."

டேப்பக்கா பாயையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் சாகிறவரை அவள் தரையில்தான் படுத்தாள். அதை அவள் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை.

"எந்த அவர் சொன்னார்?"

"அவர்தாம்மா."

"உங்க வீட்டுக்காரரா?"

"எனக்கு ஏதும்மா வீட்டுக்காரர்? நான் கல்யாணமே கட்டிக்கலை. இத்தனை நாளா உங்க அவரைத்தானே சொல்லிட்டிருக்கேன்? ரூம் வாடகைக்குக் கேட்டு வந்தவர். என் சம்சாரம் இதெல்லாம் பண்றவதான், அவளையே கூப்பிட்டுச் சொல்லுங்கன்னு நம்பர் கொடுத்தாரே. நல்ல உயரம், தலை நிறைய எண்ணெய். தங்கமான மனுஷன்."

"அவர் செத்துப்போயிட்டார்மா," என்றாள். அது அந்த அம்மா காதில் விழவில்லை. அதற்குள் மழை மடமடவென்று ஜன்னலில் அடித்தது. தபாலாபீஸ் அம்மா, "ஐயோ, கொடியில துணி," என்று படியில் இறங்கிவிட்டாள்.

ஓடணும். அது தெரிந்தது. பை கிடக்கட்டும், டேப் கிடக்கட்டும், ஓடணும். அவள் வாசலுக்கு வந்தாள். முதல் படியில் கால் வைத்தாள். கீழே தெருக்கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"வாங்க வாங்க. இப்படி நனைஞ்சுட்டீங்களே. அவங்க மேலதான் இருக்காங்க."

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு படியில் ஒரு கால். செருப்பில்லாத கால். ஈரமான கால். அவசரமே இல்லாமல். இன்னொரு படி.

பின்வாங்கினாள். அறைக்குள். முதுகு சுவரில் முட்டியது. கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. வாசலில் யாரும் இல்லை. கிராம்பு வாசனை இருந்தது. தரையில் ஈரத்தடம் ஒன்று விழுந்தது. அடுத்தது. கட்டிலை நோக்கி.

பாலிதீன் சரசரத்தது. மெத்தை அமுங்கியது. நடுவில் கொஞ்சம். பிறகு நீளமாக. ஒரு ஆள் நீளம்.

விளக்கு அணைந்தது.

அவளை யாரும் தொடவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் முழங்கால்கள் தாமாக மடிந்தன. வேண்டாம், வேண்டாம் என்று மனசு அலறிக்கொண்டே இருக்க, உடம்பு பாயில் உட்கார்ந்தது. சாய்ந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தது. கையைக் காலை ஒடுக்கிக்கொண்டது.

"ஏம்மா, வேற ஏதாவது வேணுமா?" கீழேயிருந்து தபாலாபீஸ் அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம்மா," என்று தன் குரல் சொல்வதை அவள் கேட்டாள். தணிந்த குரல். அந்தக் காலத்துக் குரல். "அவர் தூங்கப்போறார்."

கட்டிலிலிருந்து ஒரு கை இறங்கியது. பாயைத் தடவியது. அவள் தோளைத் தாண்டிப் போய்ப் பின்னலைக் கண்டுபிடித்தது. அதை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டது. இன்னொரு சுற்று. இறுக்கிப் பார்த்தது. பிறகு மேலேயிருந்து, நன்றாக உறங்கப்போகிற மனுஷன் விடுகிற நீளமான மூச்சு.