வெள்ளைக் கயிற்றில் மின்சாரம்!

இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு.

பிணத்தைப் பார்த்தால் முதலில் அதைத் திட்டுவார்!

இறந்தவரைப் பற்றி நல்லதையே பேசவேண்டும் என்று ஊர் உலகம் நினைக்கிறது. சங்கரலிங்கம் அப்படி நினைப்பதில்லை. நல்லதைப் பேசினால் அழுகைதான் வரும், கெட்டதைப் பேசினால் கொலைகாரன் வருவான் என்பது அவருடைய சித்தாந்தம். காக்கிச் சட்டை போட்ட நாளிலிருந்து அந்த வழக்கத்தை அவர் கைவிட்டதே இல்லை.

அன்று பிற்பகலும் கைவிடவில்லை.

"குதிரை வளத்தானாம் குதிரை! உப்பளத்துல வேல பாக்குதவங்களுக்கு ஒதுங்க ஒரு கொட்டகை போடல. குதிரைக்கு மட்டும் ஃபேன் மாட்டிருக்கான் பாருங்க ஆக்னஸ்!"

"சார்... செத்தவங்களப் போயி..." என்று சப்-இன்ஸ்பெக்டர் ஆக்னஸ் இழுத்தாள்.

"செத்தா மரியாத கூடிருமாம்மா?"

பழையகாயலுக்கு முன்னால், திருச்செந்தூர் சாலையிலிருந்து கடலை நோக்கிப் பிரிகிற மண்பாதையின் முடிவில் இருந்தது அந்தக் குதிரைப் பண்ணை. வெயிலில் காய்ந்து வெளுத்த புல்வெளி. அதைச் சுற்றி மூன்று வரிசையாக ஓடும் வெள்ளைக் கயிறு. அதுதான் மின்வேலி.

வேலியின் தூரத்து மூலையில் மல்லாந்து கிடந்தார் ராஜபாண்டி.

உப்பளங்களும் லாரிகளும் சொந்தமாக வைத்திருந்தவர். இப்போது அவருக்குச் சொந்தமாக இருந்தது கருகிய உள்ளங்கை ஒன்றுதான்! ஒரு காலில் செருப்பு இருந்தது. மறு கால் வெறுமையாக இருந்தது.

"பாத்தது யாரு?"

"நான்தான் சார்!"

முன்னால் வந்தவர் பர்னபாஸ். துறைமுகத்தில் பெரிய கிளியரிங் ஏஜென்ட். பண்ணையில் சரிபாதிப் பங்காளி. தேய்க்கப்பட்ட வெள்ளைச் சட்டை, அதைவிட வெள்ளையான பல். கப்பலில் வரும் எந்தச் சரக்கையும் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துவிடுவார். அந்தப் பெருமையை மட்டும் முகத்திலிருந்து எடுக்கத் தெரியாது.

"மூணாவது குதிரை இந்தப் பக்கம் நிக்குன்னு பாக்க வந்தாரு சார். நான் அந்த வேப்பமரத்துக்கிட்ட நின்னேன். கயித்துல கை வச்சாரு பாருங்க... அப்படியே புடிச்சிக்கிட்டுத் துடிச்சாரு! தீப்பொறி பறந்துச்சு சார்! நான்தான் வேப்பங்கம்பால தட்டிவிட்டேன். ஓடிப்போயி மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்து பாத்தா... மாதாவே!"

"செருப்பு ஒண்ணு எங்க வே?"

"துடிச்ச துடிப்புல எங்கிட்டாவது தெறிச்சிருக்கும் சார்."

"கயித்துல எப்படி வே கரண்ட் வரும்? கம்பியிலதான வேலி கட்டுவாங்க?"

பர்னபாஸ் பரிதாபமாகச் சிரித்தார். ஒன்றும் தெரியாத மாணவனைப் பார்த்துச் சில ஆசிரியர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு!

"இன்ஸ்பெக்டர் சார், குதிரை மாடு மாதிரி இல்ல. மெல்லிசுக் கம்பி அதுக்குக் கண்ணுக்கே தெரியாது. மிரண்டு ஓடுச்சுன்னா நேரா போயி விழும். முள்கம்பின்னா தோலு கிழிஞ்சு தொங்கிரும். வெறும் இரும்புக் கம்பி இந்த உப்புக்காத்துல துருப்பிடிச்சுப் போகும். பட்டையா ஒரு டேப் இருக்கு. நல்லாத் தெரியும். ஆனா கடல்ல இருந்து அடிக்கித கொண்டல் காத்துல படபடன்னு அடிச்சுப் பிஞ்சிரும். அதான் வாசல் பக்கம் மட்டும் டேப். மத்த எல்லாப் பக்கமும் கயிறு. நூலுக்குள்ள எவர்சில்வர் இழை பின்னியிருக்கும். அதுலதான் கரண்ட் ஓடும். எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. கண்டெய்னர்ல வந்தது. நானே கிளியர் பண்ணேன். என் கையால தொட்டுப் பாத்த சரக்கு சார்!"

"இவ்வளவு நல்ல சரக்கு எப்படி வே ஆளைக் கொன்னுது?"

"சரக்கு கொல்லல சார். மாட்டுனவன் கொன்னுட்டான்!"

விரல் நீண்டது.

வாசலருகே ஒரு கான்ஸ்டபிளின் பிடியில் நின்றான் மரியான். வேலி போட்டுக் கொடுத்த கான்ட்ராக்டர். கறுப்புக் கண்ணாடி, கையில் தடித்த செம்பு வளையம், வாய் நிறையச் சவடால். 'மரியான் போட்டா மலையும் தாண்டாது' என்று தன் வண்டியின் பின்னால் எழுதி வைத்திருப்பவன். இப்போது அந்த வாய் காய்ந்து கிடந்தது.

எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள்.

வாசலை ஒட்டி ஒரு சிறிய அறை. அதன் சுவரில் வேலி மெஷின். அந்த மெஷின் வழியாக வரும் அடி சுருக்கென்று தாக்கிவிட்டு உடனே விட்டுவிடும். குதிரை துள்ளி விலகும். சாகாது. ஆனால்... இங்கே மெஷினை விட்டுவிட்டு, வீட்டு மின்சாரத்திலிருந்து ஒரு சிவப்பு ஒயர் நேராக வேலிக்குப் போயிருந்தது!

"சார், அந்த ஒயர நான் போடல! சத்தியமா நான் போடல!"

"போடாம ஒயரு தானா முளைக்குமாலே?"

பளார்!

மரியானின் கறுப்புக் கண்ணாடி மண்ணில் விழுந்தது.

"ஆக்னஸ், மெயினைப் போடுங்க. தொட்டுறாதீங்க. டெஸ்டரை வச்சுப் பாருங்க."

ஆக்னஸ் சுவிட்சைப் போட்டாள். வாசலின் வெள்ளை டேப்பில் டெஸ்டரை வைத்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது!

"பாத்தியாலே?" சங்கரலிங்கம் மீசையைத் தடவினார். "உனக்கு ஒரு கத சொல்லுதேன் கேளு. ஒரு நரி, முயல்களுக்குக் காவலா வேலி கட்டிக் குடுத்துச்சாம். அழகான வேலி. எந்த மிருகமும் உள்ள வரமுடியாது. முயலெல்லாம் கைதட்டுச்சாம். ஒரு குட்டி முயல் மட்டும் கேட்டுச்சாம்... ஏன் மாமா, வேலிய முடிச்ச பெறவும் நீ ஏன் உள்ளயே நிக்க?"

கான்ஸ்டபிள் சிரித்தார். பர்னபாஸ் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"அந்த நரி நீதாம்லே. மெஷின்ல அடி பத்தலன்னு ராஜபாண்டி சத்தம் போட்டிருப்பான். நீ சோம்பேறித்தனமா நேரா மெயினைக் கொடுத்துட்ட. தெரிஞ்சே செஞ்ச வேல. சாதாரணக் கேஸு இல்ல. கொலைக் கேஸு!"

"கொ... கொலைக் கேஸா?"

"ஆயுசு பூராம் உள்ள!"

மரியானின் முகத்தில் ரத்தம் இல்லை. அவன் பர்னபாஸைப் பார்த்தான். சுவிட்சைப் பார்த்தான். தூரத்து மூலையைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயைத் திறந்தான். மூடினான். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் ஆயுள் போகும்!

ஆயுளை விட மானம் மலிவு என்று அந்தக் கணத்தில் முடிவு செய்தான் போலும்.

கான்ஸ்டபிளின் கையை உதறினான். ஓடினான்!

"ஏலே! புடிங்கலே அவன!"

அவன் வெளியே ஓடவில்லை. புல்வெளிக்குள் ஓடினான்! குதிரைகள் கனைத்துக்கொண்டு சிதறின. ராஜபாண்டியின் பிணம் கிடந்த மூலையை நோக்கி...

"சார்!" அவனைத் துரத்திப் பாதி தூரம் ஓடியிருந்த ஆக்னஸ் வீறிட்டாள். "மெயின் ஆன்ல இருக்கு சார்!"

"ஆஃப் பண்ணுங்க!"

திரும்பிப் போக நேரமில்லை.

மரியான் பாய்ந்து, வெள்ளைக் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்!

பர்னபாஸ் கண்களை மூடிக்கொண்டார். கான்ஸ்டபிள் தலையில் கைவைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை!

மரியான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். உலுக்கினான். ஊஞ்சல் போல அதில் சாய்ந்தான்.

"வந்து பாருங்க சார்! நல்லாப் பாருங்க! என் வேலியில எறும்பு கூடச் சாகாது!"

மூச்சிரைக்க வந்து நின்றார் சங்கரலிங்கம்.

"எப்படிலே...?"

மரியான் தலையைத் தொங்கப் போட்டான்.

"இது வேலிக் கயிறே இல்ல சார். மீன்பிடி போட்டுல கட்டுத நைலான் கயிறு. தெரஸ்புரத்துல வாங்குனது. உள்ள இழையும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. வாசல்ல ரெண்டு தூணுக்கு நடுவுல மட்டுந்தான் ஒரிஜினல் டேப்பு. கொண்டு வந்த குதிரைய எல்லாம் மொதநாள் வாசல்லதான் கட்டிப் போட்டேன். ஒரு தடவை சுருக்குன்னு வாங்குச்சுன்னா, பெறவு வெள்ளையா எதக் கண்டாலும் கிட்டயே போகாது. முதலாளிமாரும் வாசல்ல டெஸ்டர வச்சுப் பாத்துட்டுப் போயிருவாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் இந்த மூலைக்கு வந்து தொட்டுப் பாத்ததில்ல சார்."

"திருட்டுப் பயலே!"

"திருடன்தான் சார்! கொலகாரன் இல்ல!"

ஆக்னஸும், பின்னாலேயே பர்னபாஸும் வந்துவிட்டார்கள். அவள் மரியானைப் பார்க்கவில்லை. மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்த பர்னபாஸைப் பார்த்தாள்.

"சார்... இந்தக் கயித்துல கரண்டே ஓடாதுன்னா, ராஜபாண்டி அண்ணாச்சி இதப் புடிச்சுக்கிட்டுத் துடிச்சத இவரு எப்படிப் பாத்தாரு?"

பர்னபாஸ் இன்னும் ஓரடி பின்னால் வைத்தார்.

கடற்காற்று கயிற்றில் விசில் அடித்தது.

"தீப்பொறி வேற பறந்துச்சாமே வே!" சங்கரலிங்கம் பர்னபாஸின் வெள்ளைச் சட்டைக் காலரைப் பிடித்தார். அது சட்டென்று கசங்கியது. "வெறுங்கயித்துல தீப்பொறி பறக்க வைக்குத வித்தைய எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடும்!"

"சார், அது... பயத்துல... கண்ணுக்குத் தெரிஞ்ச மாதிரி..."

"ஆக்னஸ், இந்தப் பண்ணையில வேற எங்க கரண்ட் இருக்கு?"

"கெணத்து மோட்டார் ரூம்ல சார்."

ஆக்னஸ் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் கைக்குட்டையால் பிடித்த ஒரு செருப்பு இருந்தது. ராஜபாண்டியின் மற்றொரு செருப்பு!

"மோட்டாருக்குப் பின்னால கெடந்துச்சு சார். பக்கத்துல மேல்தோல் உரிச்ச ஒயர் இருக்கு. அதுல கருகுன தோலு ஒட்டியிருக்கு. அங்கேயிருந்து ஆள இழுத்துட்டு வந்த தடம் மண்ணுல அப்படியே இருக்கு."

பர்னபாஸின் பெருமை இப்போதுதான் முகத்தைவிட்டு வெளியேறியது. சுங்கத் தீர்வை கட்டாமலே!

"கண்டெய்னர் யார்டு போட நெலத்தக் கேட்டாங்க சார்! நல்ல ஆளுங்க! கையெழுத்துப் போடுவேன்னு சொல்லிட்டேன். இவரு மாட்டேன்னுட்டாரு. குதிரைய விட்டுட்டு எங்க போவேன்னு அழுதாரு... குதிரைக்காக அழுதாரு சார் மனுசன்! மோட்டாரு ஓடலன்னு கூப்பிட்டேன். வந்து ஒயரத் தொட்டாரு."

"பெறவு இழுத்துட்டு வந்து வேலியோரம் போட்ட. மெஷின் ரூம்ல சிவப்பு ஒயர மாட்டுன. பழிய இவன் தலையில போட்டுட்ட."

"ஆனா சார்... அந்தக் கயிறு ஒரிஜினல்! ஒரிஜினல் சார்! நானே கிளியர் பண்ணேன்! எனக்குத் தெரியாம எவன் மாத்துனது? ஏலே மரியான், யாரக் கேட்டு மாத்துன?"

கொலை செய்த மனிதருக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்! கழுத்தில் கயிறு விழப்போகிறது. அவருக்குக் கவலையெல்லாம் வேலிக் கயிறு!

மரியான் பிணத்தின் பக்கம் தலையை அசைத்தான்.

"அண்ணாச்சியக் கேட்டுத்தான்."

"என்ன?"

"சரக்கு துறைமுகத்துல இருந்து வந்த அன்னைக்கே ராஜபாண்டி அண்ணாச்சி அதக் கோயம்புத்தூர் பக்கம் வேற பண்ணைக்கு வித்துட்டாரு. 'பங்காளி ஆபீஸ்ல உக்காந்திருக்கவன், கயித்தையா வந்து தொட்டுப் பாக்கப்போறான், போட்டுக் கயித்தக் கட்டு'ன்னாரு. எனக்கும் ஒரு பங்கு குடுத்தாரு. நானும் வாங்குனேன்."

பர்னபாஸ் வாயைப் பிளந்தபடி பிணத்தைப் பார்த்தார்.

சங்கரலிங்கம் இடி இடிப்பது போலச் சிரித்தார்.

"என்னா கூட்டு வியாபாரம் வே உங்களோடது! நீ அவனக் கொன்ன. அவன் உன்ன ஏமாத்துனான். ஏமாத்துனவன் செத்தபெறவு கொன்னவனப் புடிச்சுக் குடுத்துட்டான்! ஏத்துங்கலே இவன ஜீப்புல!"

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

மோசடிக்காக மரியானும் உள்ளே போனான். ஜாமீனில் வெளியே வந்தவன், நேராக ராஜபாண்டியின் மனைவி சுடலைச்செல்வியின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"அக்கா... நான் செஞ்சது தப்பு."

"என் வீட்டுக்காரரும் சேந்துதானப்பா செஞ்சிருக்காரு. உன்ன மட்டும் என்ன சொல்ல?" அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆனா அந்த வாயில்லாச் சீவனுங்க ஒரு நாளு மிரண்டு ரோட்டுக்கு ஓடியிருந்தா? லாரி போற ரோடு அது. அத நெனச்சாத்தான்..."

மரியான் தன் வண்டியை விற்றான். இழை பின்னிய உண்மையான கயிற்றை வாங்கினான். சவடால் எழுதிய வண்டி போனதால், அதை வாடகை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்கு வந்தான். போட்டுக் கயிறு முழுவதையும் அறுத்தெறிந்துவிட்டு, மூன்று வரிசையையும் தன் கையால் புதிதாகக் கட்டினான். மண்ணில் ஆழமாக எர்த் கம்பி இறக்கினான். மெஷினை ஓடவிட்டான். கூலி வாங்கவில்லை.

கட்டி முடித்த அன்று சங்கரலிங்கம் ஜீப்பில் வந்து இறங்கினார். சுடலைச்செல்வி கொடுத்த காப்பியைக் குடித்தபடி வேலியை மேலும் கீழும் பார்த்தார். கசந்த கஷாயம் குடித்தவர் போல முகத்தைச் சுளித்தார்.

"திருந்திட்டியாம்லே? ஊரெல்லாம் சொல்லுதாங்க."

"ஆமா சார். எல்லாப் பக்கமும் ஒரிஜினல்."

"நீயா? உன் மூஞ்சிக்கா? வாசல்ல மட்டும் ஒரிஜினல் போட்டுட்டு, மூலையில என்ன சணல் கட்டிருக்கியா, கோவணம் கட்டிருக்கியான்னு யாரு கண்டா?"

"சார், அதத் தொடாதீங்க..."

"பாத்தியா! தொட்டா குட்டு வெளிப்பட்டுரும்னு பயம்!"

சங்கரலிங்கம் விறுவிறுவென்று தூரத்து மூலைக்கு நடந்தார். ஏளனமாகச் சிரித்தார். வெள்ளைக் கயிற்றை ஒரு கையால் அலட்சியமாகப் பற்றினார்.

"அய்யோ அம்மா!"

காப்பி டம்ளர் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம்! இன்ஸ்பெக்டர் மணலில் உட்கார்ந்திருந்தார். குதிரைகள் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தன.

மரியான் பணிவாகத் தொப்பியை எடுத்து, தூசி தட்டி நீட்டினான்.

"மன்னிச்சுக்கிடுங்க சார்... குதிரையெல்லாம் இத மொதநாளே கத்துக்கிட்டுச்சு!"