ஜெயசுதாவின் நற்சான்று

ஜமுனாமரத்தூர் தாண்டியதிலிருந்து கீதாஞ்சலியின் போனில் சிக்னல் இல்லை. தோழி வெண்ணிலாவுக்கு 'வந்து சேர்ந்துட்டேன்' என்று அனுப்பிய செய்தி இன்னும் போகவில்லை. அப்படியிருக்க, ஜெயசுதாவின் அழைப்பு மட்டும் எப்படி வந்தது?

"வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவளைத் தன் வீட்டுக்கு வரச் சொன்ன சதீஸ்குமார்தான் சொல்லியிருப்பான். கீதாஞ்சலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெயசுதா அவனுடைய பழைய துணை. கயிற்றால் கட்டி ஆடும் அந்தரங்க விளையாட்டில், புது ஆளை நம்புவதற்கு முன் அவனோடு ஏற்கெனவே ஆடியவளிடம் விசாரிப்பது வழக்கம். கீதாஞ்சலி எல்லாம் முறையாகத்தான் செய்தாள். போளூர் டீக்கடையில் பலமுறை பேசிப் பார்த்தாள். 'சாமை' என்றால் அந்த நொடியே கட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்று பேசி வைத்தாள். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவானா என்று கேட்கத்தான் ஜெயசுதாவுக்குப் போன் செய்தாள். அந்தக் குழைந்த குரலைக் கேட்டதும் வாயில் வந்தது வேறு.

"இன்னும் அவர பாக்கறீங்களா?"

"தெனமும்."

அந்த ஒரு சொல்தான், கேட்க வேண்டியதை எல்லாம் மறக்கடித்து அவளை மலையேற்றியது.

அவன் வீட்டுக்குள் அளவுக்கு மீறிப் பழுத்த பலாவின் வாசனையும், அதற்கடியில் வாடிய மல்லிகையும், அதற்கும் அடியில் பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்றும் மண்டிக் கிடக்க, மூடிய உள்ளறையிலிருந்து மரத்தில் கயிறு உராய்வது போன்ற சத்தம் வருவதும் நிற்பதுமாக இருந்தது.

"உள்ள யாரு?"

"யாரும் இல்லியே. இன்னா ஆச்சு?" என்றான் சதீஸ்குமார். "காபி ஆறுது பாருங்க."

"மல்லிப்பூ வாசன வருது. பொய் சொல்லாதீங்க. அவ இங்கதான் இருக்கா."

கதவைத் தள்ளினாள். அவன் தடுக்கவில்லை.

ஜெயசுதா நாற்காலியில் இருந்தாள். கயிறு மணிக்கட்டின் தோலுக்குள் புதைந்திருந்தது. விரல்கள் கறுத்து வற்றியிருந்தன. கண் இருந்த இடத்தில் ஈக்கள். செத்துப் பல நாள் ஆகியிருக்கும்.

உதடு அசைந்தது.

"பயப்படாதமா. நல்லா பாத்துக்குவாரு." அதே குழைந்த குரல்.

சாமை. கத்த நினைத்தாள். நாக்கு எழவில்லை.

சதீஸ்குமார் அவளைத் தாண்டிப் போனான். குனிந்தான். பிணத்தின் நெற்றியில் விழுந்திருந்த முடியை மெல்ல ஒதுக்கிவிட்டான். கீதாஞ்சலியை அவன் ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை.

அப்போதும் அவளுக்கு வயிறு எரிந்தது. ஓடு என்றது புத்தி. அவன் புதுக் கயிற்றோடு நிமிர்ந்தபோது, அவளுடைய இரண்டு கைகளும் ஒன்றுசேர்ந்து அவன் முன்னால் நீண்டிருந்தன.